உள்ளங்கால் புண்ணும் காந்தத் துடிப்பும்

சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பேய்க்குளம் வந்துவிடும். அங்கே தூய லூக்கா பெயரில் ஒரு தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்தில், அந்த ஸ்டாப்பில் ஏறுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகவே இருக்கும். விரல் குறைந்த கையால் கம்பியைப் பிடித்து, துணிக்கட்டுப் போட்ட காலைப் படியில் வைத்து ஏறுவார்கள். காலில் வலிப்பதாக முகத்தில் எந்த அடையாளமும் இருக்காது. அந்த முகங்களைப் பார்த்து எனக்கு வந்த கேள்விதான் பின்னால் என்னைப் பிஸியோதெரபி படிக்க அனுப்பியது என்று நினைக்கிறேன்.

இன்று என் கிளினிக்கில் நான் அவிழ்க்கும் கட்டுகள் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளுடையவை. பனையேறி ஓய்ந்த தாத்தாக்கள், பீடி சுற்றுகிற அக்காமார், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். நோய் வேறு, புண் இருக்கும் இடம் அதேதான்: பெருவிரலுக்குப் பின்னால் உள்ள மேட்டில், இல்லையென்றால் குதிகாலில். சுற்றிலும் தடித்த காய்ப்பு, நடுவில் குழி. இந்தக் குழிப்புண்ணை ஆற்றும் முயற்சியின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கே உரிய ஓர் அத்தியாயம் உண்டு. மருத்துவம் பார்க்கிறவர்களிடையே கூட அதைப் பற்றிப் பேச்சில்லை. அது எனக்கு நெடுநாளாக வருத்தம்.

நம் வட்டாரத்துக்கு மேலைநாட்டு மருத்துவம் மிஷன் வழியாக வந்தது. நாசரேத்தில் தூய லூக்கா மருத்துவமனையை டாக்டர் ஸ்ட்ராச்சன் 1870-இல் தொடங்கினார். அடுத்த மூன்றாம் ஆண்டில், 1873-இல், நார்வேயில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். ஆனால் கிருமி இன்னதென்று தெரிந்த பின்பும் எழுபது ஆண்டுகளுக்குக் கைக்கொள்ளத்தக்க மருந்து இல்லை. 1940-களில் டாப்சோன் வந்தது. கிருமி அடங்கியது, உள்ளங்கால் புண் மட்டும் அடங்கவில்லை. பெருவியாதிக்காரனுக்குச் சதை தானாக அழுகி உதிரும் என்றுதான் ஊரார் நம்பினார்கள். மருத்துவர்களில் பலருடைய நம்பிக்கையும் அதுவாகவே இருந்தது.

அதை மாற்றியது வேலூர். 1947-இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போன வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அங்கே மடங்கிப்போன கைகளைக் கண்டார். எலும்பு மருத்துவர் எவரும் இவற்றைக் கையில் எடுக்கவில்லையா என்று கேட்டு, தானே எடுத்துக்கொண்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் அவரும் வேலூர்க் குழுவினரும் காட்டிய உண்மை இது: அந்தச் சதையும் மற்றவர்கள் சதையைப் போல ஆறக்கூடியதுதான். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு கெட்டால் வலி தெரியாது, வலி தெரியாதவன் புண்மேலேயே நடக்கிறான். அந்தக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரப்பிவிட்டால் புண் மூடிக்கொள்கிறது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். என்ற மெத்து ரப்பர் செருப்பும் அந்த வேலையின் வாரிசுதான்.

பஸ் ஸ்டாண்டில் கால்மணி நேரம் நிற்கிறவரைக் கவனித்துப் பாருங்கள். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருப்பார். உடல் பாரம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள நுண்குழாய்களை நசுக்குகிறது, அந்த இடத்துக்கு ரத்தம் போவது நிற்கிறது, நரம்பு முணுமுணுக்கிறது, நாம் அறியாமலே கால் மாறுகிறோம். மரத்துப்போன காலில் அந்த முணுமுணுப்பு இல்லை. அதனால் தோலுக்கு ரத்தம் போகிறதா என்பது, இந்தப் புண்ணில் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி.

அதைக் கையாலேயே ஓரளவு பார்க்கலாம். நோயாளியைப் படுக்கவைத்துப் பெருவிரலின் நுனியை என் கட்டைவிரலால் அழுத்துவேன். தோல் வெளுக்கும். விட்டதும் மனதுக்குள் எண்ணுவேன். இரண்டு நொடிக்குள் சிவப்புத் திரும்பினால் நிம்மதி. நாலு, அஞ்சு என்று போனால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பாதத்தின் மேற்புறத்தில் நாடி தேடுவேன். பிறகு புறங்கையை உள்ளங்கால் நெடுக ஓட்டுவேன். புண் வரப்போகும் இடம் முன்கூட்டியே சூடாக இருக்கும், வேலூரில் தொடங்கிய பாடம் அது. பனையேறியவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தளைநார் உராய்ந்து உராய்ந்து பாதம் முழுக்கக் காய்ப்பு. அந்தத் தோலில் வெளுப்பும் சிவப்பும் கண்ணுக்குச் சிக்காது, விரல் நுனியை மட்டும்தான் நம்பவேண்டும்.

தோலுக்கு ரத்தம் கொண்டுவர நம் வீடுகளில் என்றைக்கும் இருந்த வழி ஒத்தடம். வறுத்த உப்பு, தவிடு, நல்லெண்ணெய் தடவி வாட்டிய எருக்கிலை, கொதிக்கும் நொச்சித் தண்ணீர். காரணத்தோடுதான் வந்த வழக்கம். சும்மா இருக்கும்போது உடல் முழுவதன் தோலுக்கும் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள்தான் ரத்தம் போகும். கடும் வெக்கையில் அது ஆறேழு லிட்டர் வரை ஏறும். சித்திரை வெயிலில் குதிரைமொழித் தேரிச் செம்மணலைக் கடக்கிறவன் முகம் சிவப்பது இதனால்தான். ஆனால் மரத்த காலுக்கு ஒத்தடம் எமன். சூடு தெரியாமல் வைத்து, மறுநாள் கொப்புளத்தோடு வருகிறவர்களை நான் இன்னும் பார்க்கிறேன். சூடேற்றாமல் தோலில் ரத்தத்தைக் கூட்ட வழி உண்டா? காந்தத் துடிப்பின் வரலாறு எனக்கு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

மின்சாரத்தை உடம்பில் பாய்ச்சுவது பழைய எண்ணம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் மூட்டுவாதத்துக்கும் உயிருள்ள மின்திருக்கையை உடம்பில் வைக்கச் சொன்னார். தொட்டால் கை மரத்துப்போகும் அந்தத் திருக்கைக் குடும்பம் நம் கடலிலும் உண்டு. அதில் ஒரு வகையை 1801-இல் தரங்கம்பாடி மீனைக்கொண்டு பிளாக்கும் ஷ்னைடரும் நூலில் ஏற்றினார்கள். 1831-இல் ஃபாரடே கண்டது இன்னும் முக்கியம். மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் பக்கத்தில் மின்புலத்தை எழுப்பும், மாறாத காந்தம் எழுப்பாது. திருவிழாக் கடைகளில் காந்த வளையலும் காந்தப் பெல்ட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அசையாத காந்தம் தோலில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறதா என்று அமெரிக்காவில் மேரோவிட்ஸ் குழுவினர் 2001-இல் அளந்து பார்த்தபோது மாற்றம் எதுவும் தென்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று வானொலி அலை வழி. நம் ஊரில் "கரண்டு வைக்கிறது" என்று மக்கள் சொல்லும் சிகிச்சைகளில் ஷார்ட்வேவ் டயாதெர்மியும் ஒன்று. நொடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் அதிர்வுகள் கொண்ட அலை, ஆழத்தில் சூடேற்றும். 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் கின்ஸ்பர்க் இதே அலையைத் துண்டு துண்டாக விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு துண்டும் நொடியின் பத்து லட்சத்தில் 65 பங்கு, நொடிக்கு அதிகபட்சம் 600 துண்டுகள். ஆக நூற்றில் நாலு பங்கு நேரம்தான் அலை ஓடும், மீதி நேரம் உடம்பு ஆறிக்கொள்ளும். சூடு சேராது. டயாபல்ஸ் என்ற பெயரில் அது கருவியாக விற்பனைக்கும் வந்தது.

இன்னொன்று எலும்பு வழி. எலும்பை வளைத்தால் மின்னழுத்தம் தோன்றும் என்று ஜப்பானில் ஃபுகாடாவும் யாசுதாவும் 1957-இல் அறிவித்தார்கள். அப்படியானால் வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் எலும்பு கூடுமா என்று கேட்டவர் நியூயார்க்கின் ஆண்ட்ரூ பாசெட். 1974-இல் கம்பிச்சுருள் வழியாகத் துடிப்பைச் செலுத்தி நாய்களின் எலும்பு முறிவில் வேகத்தைக் காட்டினார். 1979-இல் கூடாத எலும்பு முறிவுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது.

சென்னை எடுத்த வழி இந்த இரண்டும் அல்ல. அது பூமியிலிருந்து தொடங்கியது. இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் தெற்கே வரவேண்டும்.

காந்த ஊசியை நூலில் கட்டித் தொங்கவிட்டால் வடதுருவப் பக்கம் அதன் வடமுனை தரையை நோக்கிக் குத்தும், தென்துருவப் பக்கம் வானை நோக்கும். இடையில் ஒரு கோட்டில் மட்டும் தரைக்குச் சமமாகப் படுத்துக்கிடக்கும். அந்தக் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. சாத்தான்குளத்தில் ஊசி ஏறத்தாழப் படுத்தேதான் இருக்கும். நம் தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஆறாக ஓடுகிறது. அதனால் இங்கே தரையில் காந்தப்புலம் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. 1963-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதற்கும் இந்தக் கோடுதான் காரணம்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்பதற்காக மலையேறிய மனிதர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1852-இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் பொறுப்பேற்றார். 1855-இல், யானையும் அட்டையும் மழையும் தாண்டி, அகத்தியமலை உச்சியில் ஆறாயிரம் அடிக்கு மேல் ஒரு காந்த ஆய்வகத்தை நிறுத்தினார். கீழே ஒரு கருவி, மேலே ஒரு கருவி, இரண்டிலும் ஒரே நேரத்தில் அளவு எடுக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். பொதிகைக்கு மேல் அகத்தியர் தமிழ் சொன்னார் என்று நமக்குத் தெரியும். அதே மலையில் ஒருவர் காந்த ஊசியின் நடுக்கத்தை மணிக்கு மணி எழுதிவைத்தார் என்பது நம் பள்ளிப் பாடங்களில் இருந்திருக்க வேண்டும். பம்பாயில் கொலாபா ஆய்வகம் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அங்கே மின்சார டிராம் வரப்போகிறது, ஊசி கலங்கும் என்று அளவீட்டை 1904-இல் அலிபாகுக்கு மாற்றினார்கள். இன்று இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. சிலைகள் பார்க்கக் கோவிலுக்குப் போகிறவர்கள் அதன் பக்கமாகத்தான் போகிறார்கள்.

இந்தப் புவிக்காந்தத்தில் ஒரு மெல்லிய துடிப்பும் உண்டு. நொடிக் கணக்கிலும் நிமிடக் கணக்கிலும் ஏறி இறங்குகிற நுண்துடிப்பு. உயிர்கள் தோன்றிய நாள் முதல் அதற்குள்தான் வாழ்ந்து வருகின்றன, உடம்பு அதை அறியாமலா இருக்கும் என்று கேட்டவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா சுப்ரமணியம். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தவர். அவரும் மாதவன்குட்டியும் சேர்ந்து எழுதிய உடலியங்கியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்கள் கையில் இருந்தது. அவர் புவிஇயற்பியலாளர் பி.வி. சங்கர் நாராயணுடனும் டி.எம். ஸ்ரீனிவாசனுடனும் சேர்ந்து, உயிர்களின் மேல் நுண்துடிப்பின் விளைவு பற்றி 1985-இல் உயிர்வானிலையியலுக்கான சர்வதேச இதழில் கட்டுரை வெளியிட்டார். உடலியங்கியல் பேராசிரியை ஒருவர் பூமியின் காந்தத்தைப் படிக்கிறவரோடு உட்கார்ந்து வேலை செய்த காட்சியை நினைக்கும்போதே எனக்கு மரியாதை வருகிறது. நியூயார்க் எலும்பைக் கேட்டது, சென்னை பூமியைக் கேட்டது.

அந்தச் சிந்தனை தொழுநோயாளியின் உள்ளங்காலுக்கு வந்து சேர்ந்ததுதான் நான் சொல்ல வந்த அத்தியாயம். 1997-இல் இந்தியத் தொழுநோய் இதழில் ஜி.ஆர். சர்மா, சாரதா சுப்ரமணியம், தீனபந்து முதலிய அறுவர் ஒரு முன்னோடிப் பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உள்ளங்கால் புண் உள்ள 40 தொழுநோயாளிகள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான புண் பராமரிப்பு உண்டு. ஒரு குழுவினருக்கு மட்டும் கூடுதலாக நான்கு வாரம் காந்தத் துடிப்பு. யாருக்கு உண்மையான துடிப்பு போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, புண்ணை அளக்கிறவருக்கும் தெரியாது.

துடிப்பின் அளவைக் கவனிக்கவேண்டும். நொடிக்கு ஏறத்தாழ ஒன்று, உச்சம் 2400 நானோடெஸ்லா. நம் மண்ணில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. அதாவது பூமி தருவதில் நூற்றுக்கு ஆறு பங்குதான். சந்தையில் விற்கும் துடிப்புக் கருவிகள் பல இதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலுவானவை.

33 பேர் கடைசி வரை இருந்தார்கள். பராமரிப்பு மட்டும் பெற்ற 15 பேரின் புண் சராசரி 2843 கன மில்லிமீட்டரிலிருந்து 1478-க்கு இறங்கியது. துடிப்பும் பெற்ற 18 பேருக்கு 2428-இலிருந்து 337. எண்பது சதவீதத்துக்கு மேல் சுருங்கிய புண்கள் முதல் குழுவில் ஒன்றுமில்லை, இரண்டாம் குழுவில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த எண்களை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாம் முறை படித்தபோது கேள்விகள் வந்தன. 33 பேர் சிறிய கூட்டம். நான்கு வாரம் குறுகிய காலம். மூடிய புண் செருப்பில்லாமல் நடந்தால் திரும்பத் திறக்கும், அதற்கு நீண்ட கண்காணிப்பு வேண்டும். இயற்பியல் படித்தவர் யாரும் இவ்வளவு மெல்லிய துடிப்பு செல்லுக்குள் எழுப்பும் மின்புலம் எத்தனை அற்பமானது என்று கேட்பார், அது நியாயமான கேள்வி. அவர்கள் அளந்தது புண்ணின் கனஅளவை. நடுவில் ரத்தம் கூடியதா என்பது வேறு அளவை.

அந்த அளவைக்கும் ஒரு கருவி பிறந்திருந்தது. 1975-இல் ஸ்டெர்ன் என்பவர் தோலில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்திலிருந்து ஓட்டத்தைக் கணிக்கும் வழியைச் சொன்னார். என் கட்டைவிரல் இரண்டு, மூன்று என்று எண்ணுவதை அது எண்ணாக எழுதித் தரும். அதை வைத்துக்கொண்டு மேரோவிட்ஸும் லார்சனும் 1992-இல் ஆரோக்கியமானவர்களின் முன்கையில் துண்டு அலைகளைச் செலுத்திப் பார்த்தார்கள். தோலின் ரத்த ஓட்டம் கூடியது. 1995-இல் சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணைச் சுற்றியுள்ள தோலிலும் கூடியதைக் கண்டார்கள். ஆனால் அவை சிறிய ஆய்வுகள். அவர்கள் பயன்படுத்தியது வானொலி அலை. சென்னைத் துடிப்பு அதிலிருந்து மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது. ஒன்றின் நற்சான்றை மற்றதற்குக் கொடுக்க முடியாது. கருவி விற்க வருகிறவர்கள் இதைத்தான் கலந்து பேசுகிறார்கள். ஒரு தாளில் பாசெட்டின் எலும்பு, மேரோவிட்ஸின் தோல், விண்வெளி ஆய்வு என்று எல்லாமே இருக்கும். எந்த அதிர்வு, எத்தனை நேரம், எவ்வளவு வலு என்று கேட்டால் பதில் வராது. காலின் நாள நோயால் வரும் புண்களுக்கு மின்காந்தச் சிகிச்சை பற்றி, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துத் தரும் காக்ரேன் நூலகம் (இது செங்கல்பட்டு காக்ரேன் அல்ல) 2015-இல் தொகுத்தபோது தகுதியான சோதனைகள் மூன்றுதான் கிடைத்தன, அவற்றைக்கொண்டு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

என்னிடம் துண்டு அலை தருகிற கருவி ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டி கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "எய்யா, இதுல கரண்டு வருதா? ஒண்ணுமே தெரியலியே" என்று கேட்டார். "தெரியாதுதாம்மா, சுடவும் செய்யாது" என்றேன். "சுடாம என்னத்தக் குணமாகும்?" என்றார். ஒத்தடத்தில் வளர்ந்த தலைமுறையின் கேள்வி அது, அதில் தவறில்லை. அவருக்கு நான் கருவியை வைப்பதற்கு முன்பே காய்ப்பைச் சீவி, செருப்பை மாற்றி, மகனைக் கூப்பிட்டுக் கட்டில் பக்கத்திலேயே கழிப்பிட வசதி செய்துகொடுக்கச் சொல்லியிருந்தேன். புண் மூடியது. எதனால் மூடியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு நோயாளியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சர்மாவும் சாரதா சுப்ரமணியமும் குலுக்கல் போட்டதும், நோயாளியிடமும் அளக்கிறவரிடமும் மறைத்து வைத்ததும் இதற்காகத்தான்.

அந்தச் சோதனையில் பராமரிப்பு மட்டும் பெற்ற 15 பேரை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவர்கள் முக்கியம். 2843 என்பது 1478 ஆனது. துடிப்பே இல்லாமல், முறையாகச் சுத்தம் செய்து கட்டியதில் நான்கு வாரத்தில் ஏறக்குறையப் பாதி. சதை தானாக அழுகும் என்று நம்பிய ஊருக்கு இந்த ஒரு வரியே வேலூர் சொன்னதைத் திரும்பச் சொல்கிறது.

1997-க்குப் பிறகு இந்தச் சோதனை பெரிய அளவில் திரும்பச் செய்யப்பட்டிருக்க வேண்டும். இப்போது செய்யலாம். தொழுநோய்ப் புண்ணோடு சர்க்கரைப் புண்ணும் சேர்ந்து நம் மாவட்டத்தில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. நானூறு பேராவது வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி செருப்பு, ஒரே மாதிரி கட்டு. பாதிப் பேருக்கு அதே நொடிக்கு ஒன்று என்ற துடிப்பு, மீதிப் பேருக்கு ஓசை மட்டும் எழுப்பும் வெற்றுச் சுருள். புண்ணின் கனஅளவோடு லேசர் கருவியால் தோலின் ரத்த ஓட்டத்தையும் வாராவாரம் எடுக்கவேண்டும். ஓராண்டு வரை எத்தனை புண் திரும்பத் திறக்கிறது என்று பார்க்கவேண்டும். பின்புலக் காந்தத்தின் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கிருஷ்ணாபுரம் பக்கத்தில் இருக்கிறது. கட்டு அவிழ்த்துக் கட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் தாலுகாதோறும் இருக்கிறோம்.